ஐந்து பேரும் வரும் நாள்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக் குழு ஒன்று எதனால் கலைந்தது என்று அதில் இருந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். சண்டை வந்தது என்றோ சலித்துவிட்டது என்றோ சொல்பவர்கள் குறைவு. "தேதி அமையவில்லை" என்பார்கள். அதைச் சொல்லும் குரலில் கொஞ்சம் குற்றவுணர்வும், யாரோ ஒருவர்மீது ஆறாத மனத்தாங்கலும் கலந்து ஒலிக்கும். அந்த மனத்தாங்கல் தேவையற்றது என்பது எங்கள் தரப்பு. பழுது ஆட்டத்தை அமைக்கும் முறையில் இருக்கிறது; பழியை மட்டும் மனிதர்கள் சுமக்கிறார்கள்.

இவ்விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஒரு மேசை, ஒரு நடத்துநர், நான்கைந்து ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஏதேனும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாய்மொழியாகச் சொல்கிறார். சுற்றியுள்ள உலகத்தையும் அதில் நடமாடும் ஏனைய மாந்தரையும் நடத்துநர் சொல்கிறார். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வருமிடத்தில் பகடை தீர்ப்பளிக்கிறது. அமர்வு ஒன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம். விட்ட இடத்திலிருந்து கதை அடுத்த அமர்வில் தொடரும். மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான், அச்சேறி விற்பனைக்கு வந்த இவ்வகை ஆட்டங்களில் மூத்தது.

"விட்ட இடத்திலிருந்து தொடரும்" என்ற அந்த வாக்கியத்தில்தான் வினை தொடங்குகிறது. குகையின் நடுவழியில், பாலத்தின்மேல், பாதி வாக்குவாதத்தில் சென்ற அமர்வு நின்றிருக்கிறது. அங்கே ஐந்து பாத்திரங்கள் நிற்கின்றன. எனவே அடுத்த அமர்வுக்கும் அந்த ஐந்து பேரே வந்தாக வேண்டும். நடத்துநர் கட்டம் போட்ட அட்டவணையை அனுப்புகிறார். எல்லோருக்கும் வசதியான நாளைக் குறிக்கச் சொல்கிறார். நால்வர் குறித்துவிடுகிறார்கள். ஐந்தாமவர் பார்த்தும் பாராமல் இருக்கிறார். அவருக்கு வசதியான நாள் ஒன்றுமில்லை என்பதைச் சொல்லக் கூச்சம். ஒரு வாரம் தள்ளிப்போகிறது, பிறகு மூன்று வாரம். பிறகு ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கதையின் பாலத்தின்மேல் ஐந்து பேர் இன்னமும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். (இலக்கியப் பக்கத்தில் பெருக்கல் கணக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம்.) ஐந்து ஆட்டக்காரர்கள். பத்து வாரத்தில் எட்டு வாரம் தவறாமல் வந்துவிடக்கூடிய உத்தமர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐவரும் ஒரே நாளில் வருவதற்கான வாய்ப்பு, 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைப்பது: 0.33க்கும் சற்றுக் குறைவு. ஆண்டின் 52 வாரங்களில் சுமார் 17 வாரங்கள் மட்டுமே ஐவரும் கூடுவார்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது வாரம் வருகிறவர்களாக இருந்தாலும் 31 வாரங்களைத் தாண்டாது. எவரிடமும் குற்றம் இல்லாமலேயே ஆட்டம் மூன்றில் இரண்டு பங்கு தோற்றுவிடுகிறது.

இப்போது விதியை மட்டும் மாற்றுவோம். ஐவரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று அறிவித்துவிட்டால், அதே ஐந்து பேரைக்கொண்டு 94 சதவீத வாய்ப்புக் கிடைக்கிறது. ஆண்டுக்கு 49 வாரங்கள். இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. பாதி வாரங்கள் மட்டுமே வரக்கூடிய, கண்டிப்பானவர்கள் எவரும் குழுவில் சேர்த்துக்கொள்ள யோசிக்கும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் குறைந்தது மூவர் வருவதற்கான வாய்ப்பும் 94 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. ஐந்து உத்தமர்களும் பத்து அரைமனிதர்களும் இந்த அளவில் சமம். எட்டுப் பேரோ அதற்கு மேலோ வந்து நாற்காலி போதாமல் திண்டாடும் வாரங்கள் ஆண்டில் மூன்றுக்கு மேல் வராது. ஒருவரது வராமைக்கும் மற்றவரது வராமைக்கும் தொடர்பில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பண்டிகையும் தேர்வுக்காலமும் எல்லோரையும் ஒருசேர இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

நிற்க. இது எங்கள் கண்டுபிடிப்பன்று. இவ்வாட்டத்தின் பிறப்பே இப்படித்தான் நிகழ்ந்தது.

1969இல் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களின் போர்விளையாட்டு ஆர்வலர்களுக்காக டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து ஆட்டம் ஒன்றை அமைத்தார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். இரு தரப்புப் படைகள். படைத்தலைவர் பொறுப்புகள் போக மிஞ்சிய ஆட்களுக்கு ஊரின் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று வேடங்களைக் கொடுத்தார். வந்தவர்கள் படை நகர்த்தும் வேலையை மறந்து ஊருக்குள் சூழ்ச்சி செய்யத் தொடங்கிவிட்டார்கள். இருவர் தனிச்சண்டைக்கே போய்விட, அதற்கான விதியை அவர் அங்கேயே இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. ஆட்டம் கையை மீறிப் போய்த் தோற்றதென்று வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டுமென்று கேட்டார்கள். ஆள் மிகுந்த இடத்தில் அவரவர்க்கு ஒரு வேலை கொடுக்கப்போய், பாத்திரமேற்றல் என்ற வித்து முளைத்தது. ஆள் குறைவதைப் பற்றியே ஓயாமல் கவலைப்படும் இன்றைய நடத்துநர்கள் இந்த நிகழ்வை ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னிசன் அதைப் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டுக்கு நகர்த்தினார். 1972இல் அவர் லேக் ஜெனீவாவுக்குச் சென்று கேரி கைகாக்ஸுக்கு அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் தமக்கென கிரேஹாக் கோட்டையை வரைந்துகொண்டு, முதலில் தம் பிள்ளைகள் இருவரை வைத்து ஆடினார். விரைவில் நண்பர்களும் அக்கம்பக்கத்தினரும் சேர, எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. ராப் குன்ட்ஸ் என்ற இளைஞரை இணை நடத்துநராக்கிக் கூட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1974இல் வெளிவந்த முதல் விதிநூல், ஒரு தொடராட்டத்துக்கு நான்கு முதல் ஐம்பது ஆட்டக்காரர்கள் வரை என்றும், நடத்துநர் ஒருவருக்கு இருபது ஆட்டக்காரர் என்ற விகிதம் தக்கது என்றும் சொல்கிறது. இருபது பேரும் ஒரே இரவில் வர வேண்டும் என்பது அதன் பொருளன்று. அந்த இருபதில் இன்று வந்தவர்கள் இன்று நிலவறைக்குள் இறங்குவார்கள். கிடைத்த பொன்னைச் சுருட்டிக்கொண்டு விடிவதற்குள் மேலே வந்துவிடுவார்கள். வராதவர்களின் பாத்திரங்கள் ஊரிலேயே இருக்கும்.

1979இல் வெளிவந்த நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் காலக்கணக்கை வற்புறுத்திய பகுதியைப் பலர் கேலி செய்வதுண்டு. ஆட்டம் நடவாத நாட்களில், நம் உலகில் ஒரு நாள் கழிந்தால் ஆட்ட உலகிலும் ஒரு நாள் கழிந்ததாகக் கொள்க என்பது அவர் பரிந்துரை. கணக்குப்பிள்ளைத்தனம் என்று தோன்றும். இருபது பேர் வெவ்வேறு இரவுகளில் வெவ்வேறு கூட்டணியாக வந்து ஆடும் ஓர் உலகில், எவர் எப்போது எங்கே இருந்தார் என்ற குழப்பத்தைத் தீர்க்கும் எளிய கருவி அது என்பது அப்படி ஆடிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டியையே கதையின் நாட்காட்டியாக்கிக்கொண்டால் இரண்டுக்கும் நடுவே சண்டை வர இடமில்லை.

பிறகு என்ன ஆயிற்று? ஆட்டம் நாவலைப் பார்த்து ஆசைப்பட்டது. 1984இல் டிராகன்லான்ஸ் வரிசை வந்தபோது முன்பே வகுத்த நாயகர்கள், முன்பே வகுத்த பெருங்கதை, கூடவே அதே கதையை நாவலாகவும் அச்சிட்ட புத்தகம் என்ற அமைப்பு வந்து சேர்ந்தது. நாவலுக்கு நாயகர்கள் வேண்டும். நாயகர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் காணாமல் போகக் கூடாது. ஆக, சிறுகதைத் தொகுப்பாக இருந்த ஒன்று தொடர்கதையாயிற்று. தொடர்கதை எழுதுகிறவர் ஒருவர் என்பதால் அது வாரந்தோறும் வெளிவர முடிகிறது. ஆறு பேர் சேர்ந்து எழுத வேண்டிய தொடர்கதையை எந்த ஆசிரியரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

2015இல் கிரிட்டிகல் ரோல் என்ற நிகழ்ச்சி இந்த ஆசையை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. குரல் நடிகர்கள் சிலர், ஏற்கெனவே வீட்டில் நண்பர்களாக ஆடிவந்த ஆட்டத்தை வியாழக்கிழமைதோறும் இணையத்தில் நேரலையாக ஆடிக்காட்டத் தொடங்கினார்கள். முதல் தொடர் 115 பகுதிகள், இரண்டாவது 141. அற்புதமாக ஆடுகிறார்கள், அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது அவர்கள் தொழிலாகிவிட்டது. ஆடப் போகும்போது அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து களைத்து வரும் ஐந்து பேர் அதே ஒழுங்கையும் அதே தொடர்ச்சியையும் தம்மிடம் எதிர்பார்ப்பது, கச்சேரி கேட்டுவிட்டு வந்து நாளை காலை தாமும் நான்கு மணிக்கு எழுந்து சாதகம் செய்யப்போவதாகச் சபதம் எடுப்பது போன்றது.

இந்த எதிர்பார்ப்பின் விளைவை ஆட்டக்காரர் தேவை என்று வரும் அறிவிப்புகளில் காணலாம். "அர்ப்பணிப்பு உள்ளவர்கள் மட்டும்", "வாரந்தோறும் தவறாமல் வரக்கூடியவர்கள் மட்டும்", "இரு முறை வராவிட்டால் நீக்கப்படுவர்". ஒரு பொழுதுபோக்குக்கான அறிவிப்பு ஆலை வாயிலில் ஒட்டிய நிபந்தனைப் பட்டியலைப் போலத் தொனிக்கிறது. நடத்துநர்களின் கோபம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஊரின் வரைபடம் வரைந்து, அங்குள்ள சத்திரக்காரிக்கு ஒரு கடந்தகாலமும் கொடுத்து வைத்திருப்பவருக்கு, மாலை ஐந்து மணிக்கு "இன்று முடியாது" என்று மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த நிபந்தனைகள் யாரை வடிகட்டுகின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் ஒரே மாலையைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொள்ள முடிகிறவர் யார்? பணி நேரம் மாறாதவர், வீட்டில் சமைக்கவும் குழந்தையைப் பார்க்கவும் வேறொருவர் இருக்கிறவர், நோயாளியான பெற்றோர் இல்லாதவர். சுழற்சிமுறையில் வேலை பார்க்கும் செவிலியரும், ஒரு வாரம் இரவும் ஒரு வாரம் பகலுமாக இயந்திரத்தின்முன் நிற்பவரும், கைக்குழந்தையின் தாயும், அடுத்த வாரப் பணிப்பட்டியல் இந்த வாரக் கடைசியில்தான் தெரியவரும் கடை ஊழியரும் அர்ப்பணிப்பு இல்லாதவர்களா? அவர்களுடைய மாலைகள் அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். எங்கள் மேசையில் மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவர் இருக்கிறார். ஐந்து வாரத்துக்கு இரண்டு முறை வருவார். வருகிற நாளில் அவருடைய கிழட்டுத் திருடனைப்போல் மேசையைக் கலகலப்பாக்கும் பாத்திரம் வேறில்லை. "அர்ப்பணிப்பு உள்ளவர்கள் மட்டும்" என்று நாங்கள் எழுதியிருந்தால் அந்தத் திருடன் பிறந்தே இருக்க மாட்டான்.

பழைய முறையை இன்றைய வாழ்க்கைக்குப் பொருத்தி ஆடிக் காட்டியவர்களில் பென் ராபின்ஸைக் குறிப்பிட வேண்டும். வெஸ்ட் மார்ச்சஸ் என்று அவர் பெயரிட்ட தொடராட்டம் இரண்டு ஆண்டுகளுக்குமேல் நடந்தது. 2007இல் அதன் அமைப்பை விளக்கி எழுதினார். பத்து முதல் பதினான்கு ஆட்டக்காரர்கள். நிலையான நாள் கிடையாது, நிலையான அணி கிடையாது, நிலையான கதைப்போக்கும் கிடையாது. நாகரிகத்தின் எல்லையில் ஓர் ஊர். அதற்கு அப்பால் எவரும் அறியாத காடு. எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், யாரோடு போக வேண்டும் என்று ஆட்டக்காரர்களே தமக்குள் மின்னஞ்சலில் பேசி முடிவுசெய்து நடத்துநரிடம் சொல்ல வேண்டும். அமர்வு முடியும்போது எல்லோரும் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஊர்ச் சத்திரத்தின் மேசைப்பலகையில் கீறி வைத்த ஒரு வரைபடத்தை எல்லோரும் பொதுவில் பயன்படுத்தினார்கள். ஓர் அணி கண்டுவந்ததை அடுத்த அணி படித்துவிட்டுக் கிளம்பும்.

இதில் எங்களைக் கவர்ந்தது தேதி குறிக்கும் சுமை கைமாறியதுதான். நடத்துநர் பின்னால் ஓடிக்கொண்டு கெஞ்சுகிறவராக இல்லை. ஆட விரும்பும் மூவர் தம்மைத் தாமே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆசைதான் அட்டவணை போடுகிறது. ஆசை இல்லாத வாரத்தில் ஆட்டம் இல்லை. அதனால் எவருக்கும் மானக்கேடும் இல்லை. (ஆனால் எங்கள் அனுபவத்தில் முற்றிலும் நாளற்ற முறை நம்மவர்களுக்குச் சரிப்படுவதில்லை. "நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே மாதம் ஓடிவிடும். நாளை நிலையாக வைத்துக்கொண்டு ஆளை மட்டும் நிலையில்லாமல் விட்டுவிட்டோம். ஞாயிறு மாலை ஐந்து மணி. மூவர் வந்தால் ஆட்டம். இருவர் வந்தால் காபி.)

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஒன்றை நாங்கள் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஆழம் எங்கே வரும்? ஓராண்டு ஒன்றாகப் பயணம் செய்த ஐந்து பாத்திரங்களுக்குள் முளைக்கும் பகையும் பாசமும், வந்துபோகிறவர்களிடையே எப்படி முளைக்கும்? உண்மைதான், சில வகை ஆழம் கிடைக்காது. ஐவரும் தவறாமல் வரக்கூடிய குழு ஒன்று உங்களுக்கு வாய்த்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஆடப் போங்கள். வாய்க்காத பெரும்பாலோருக்காகத்தான் பேசுகிறோம். அவர்கள் கையிலிருக்கும் தெரிவுகள் ஆழமான ஆட்டமும் மேலோட்டமான ஆட்டமும் அல்லவே. ஏதோ ஓர் ஆட்டமும், பாலத்தின்மேல் உறைந்து நிற்கும் ஐந்து பேரும்தான்.

ஆழமும் ஒரே வழியில் மட்டும் வருவதில்லை. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் வெளியிட்ட பெண்ட்ராகன் என்ற ஆட்டம் ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. அதில் ஏறக்குறைய ஓர் அமர்வுக்கு ஓர் ஆண்டு கழிகிறது. கோடையில் சாகசம், குளிர்காலத்தில் ஒவ்வொரு வீரரும் தம் பண்ணைக்குத் திரும்பி, விளைச்சலையும் மனைவி மக்களின் நலத்தையும் பகடை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பிறக்கும், பிறந்த பிள்ளை சாகும், வீரர் மூப்படைவார். அவர் மாண்டபின் ஆட்டக்காரர் அவர் மகனை ஏற்று ஆடுவார். 2006இல் வந்த அதன் பெருந்தொடர் நூல் 485ஆம் ஆண்டு தொடங்கி 566 வரை எண்பது ஆண்டுகளைக் கடக்கிறது. இந்த அமைப்பில் ஓர் அமர்வுக்கு வராதவரின் வீரர் அந்த ஆண்டு தம் பண்ணையிலேயே இருந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். கதையில் ஓட்டை விழுவதில்லை. சொல்லப்போனால் மெய்ம்மை கூடுகிறது. எந்த வீட்டிலும் எல்லா ஆண்டும் எல்லோரும் போருக்குப் போவதில்லை. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் நடுவே உறங்கி எழுந்தவரும் கர்ணனுக்காக அழத்தான் செய்கிறார்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி ஒரு சொல். புதியவரை அழைக்கும்போது பலர் ஒரு நெடும்பயணத்துக்கு அழைக்கிறார்கள்: ஓராண்டுத் தொடர், முந்நூறு பக்க விதிநூல், பின்கதை எழுதிக்கொண்டு வா என்ற வீட்டுப்பாடம். மனிதர்கள் மிரள்வது இயற்கை. ஒரே ஒரு மாலைக்கு அழையுங்கள். பாத்திரத்தை நீங்களே எழுதி அவர் கையில் கொடுங்கள். விதியைப் பகடை உருளும்போது சொல்லிக்கொள்ளலாம். மாலை முடிந்ததும் அவரும் நீங்களும் எந்தக் கடப்பாடும் இல்லாமல் கை குலுக்கிப் பிரியலாம். பிடித்திருந்தால் அவரே அடுத்த ஞாயிறு எப்போது என்று கேட்பார். யாரை அழைப்பது என்ற கேள்விக்கும் எங்களிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். டிராகன்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் பார்ப்பதில்லை. கூட்டத்தில் ஒருவர் பேச வாயெடுத்துத் தயங்கும்போது தாம் நிறுத்திக்கொண்டு அவரைப் பேசவிடுகிறாரா என்று பார்க்கிறோம். மற்றவற்றைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் வராமல் போகலாம், சரி. நடத்துநரே வராத நாளில்? மேலே போட்ட கணக்கு முழுதும் அவர் தவறாமல் வருவார் என்ற நம்பிக்கையில் போட்டது. அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் கல்யாணம் நடக்கும். கைகாக்ஸுக்கு ஒரு குன்ட்ஸ் கிடைத்ததுபோல் ஒவ்வொரு மேசையிலும் இரண்டாவது நடத்துநர் ஒருவர் உருவாக வேண்டும். அதற்கு முதலாமவர் தம் வரைபடங்களைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அது எளிதன்று. அதுவரைக்கும் ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ஃபியாஸ்கோ போன்ற ஆட்டம் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பது நல்லது. அதற்கு நடத்துநரே தேவையில்லை. மூன்று முதல் ஐந்து பேர், ஒரு கை நிறையப் பகடை, ஒரு மாலை. எங்கள் நடத்துநர் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வர் உட்கார்ந்து அதைத்தான் ஆடினோம். திரும்பி வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, தாம் இல்லாமல் அவ்வளவு நன்றாக நடந்ததா என்று இருமுறை விசாரித்தார்.